பதினாறாவது குழியும் அடிக்காத பந்தும்

“டேய், சைப்ரஸ் பாயிண்ட் வரைக்கும் போயிட்டு, பதினாறுல லே-அப் பண்ணிட்டா வந்தே?”

நண்பன் இதைக் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கலிஃபோர்னியாவில் பசிஃபிக் குரோவ் முனிசிபல் கால்ஃப் மைதானத்தில், பாயிண்ட் பினோஸ் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து டீ ஒன்றில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், முன்னால் ஆடும் நால்வர் நகர்வதற்காகக் காத்திருந்தபோது கேட்டான். சைப்ரஸ் பாயிண்ட் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இன்னொரு கால்ஃப் மைதானம். லே-அப் என்றால் தடையை நேரே தாண்டாமல், பத்திரமான இடத்துக்குச் சின்னதாக அடித்து வைப்பது. நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன்: பார் மூன்றில், அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய குழியில், நாலு எடுத்தேன், பதினெட்டு ஹேண்டிகேப் வைத்திருக்கிற சுமாரான ஆசாமிக்கு அந்த இடத்தில் நாலு என்பது மோசமே இல்லை. அவன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே, “நான் ஸ்கோரைக் கேக்கலடா” என்றான். அத்தோடு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அவன் மறந்தும் இருப்பான். எனக்குத்தான் அது செருப்பில் ஏறிய முள் மாதிரி. கழற்றி உதறினால் விழுவதில்லை, நடக்கும்போது மட்டும் குத்துகிறது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கால்ஃப் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் படத்தில் மட்டுமே பார்க்கிற மைதானம் அது. ஆடிவிட்டு வந்து எழுதினால் பீற்றல். ஆடியதைச் சொல்லாமல் இருந்துவிட்டு, பேச்சுவாக்கில் கசியவிட்டால் அதைவிடப் பெரிய பீற்றல். ஆனால் போன செப்டம்பரில், 2025 வாக்கர் கோப்பை என்ற அமெச்சூர் கால்ஃப் போட்டியின்போது, டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே நண்பனோடு அதே டீக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகு, எழுதிவிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது.

எப்படி உள்ளே போனேன் என்பது பெரிய கதையில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலே இருந்து, எப்போதோ ஓய்வுபெற்றுவிட்ட ஒரு பெரியவர் அங்கே உறுப்பினர். மொத்தமே 250 பேர் சுமாருக்குத்தான் உறுப்பினர்கள் என்பார்கள். ஒரு பழைய சக ஊழியரின் பிரிவு உபசார விருந்தில், நான் பசிஃபிக் குரோவில் ஆடுவேன் என்று தெரிந்ததும், “அங்கிருந்து கொஞ்ச தூரம்தானே, ஒரு நாள் வா” என்றார். இந்த ஊர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் பெரும்பாலும் அது வெறும் மரியாதைப் பேச்சு. இவர் மூன்றாம் வாரமே தேதியோடு கூப்பிட்டார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

கடலை ஒளித்து வைத்தவர்

கடலோர மைதானம் என்றதும் முதல் குழியிலிருந்தே அலை காலை நனைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். சைப்ரஸ் பாயிண்டில் முதல் டீயில் நின்றால் எதிரே தெரிவது ஒரு செடிவேலி. அதற்கு அந்தப்பக்கம் பதினேழு மைல் சாலை, சுற்றுலாக் கார்கள். முதல் அடியே சாலையைத் தாண்டித்தான் போகவேண்டும். கார் ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத் தன் தலைக்கு மேலே ஒரு பந்து பறப்பது தெரியவே தெரியாது. எனக்கு அந்த முதல் அடியில் நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். எப்படியோ தாண்டியது.

அதற்குப் பிறகு கடல் முதுகுப்பக்கம் போய்விடுகிறது. ஆட்டம் காட்டுக்குள் ஏறுகிறது. ஐந்தும் ஆறும் அடுத்தடுத்துப் பார் ஐந்து. மைதானம் வடிவமைக்கிறவர்கள் அப்படி வைக்கமாட்டார்கள். இதை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்ஸி வைத்தார், ஏனென்றால் நிலம் அப்படித்தான் கிடந்தது. பின்பாதியில் பதினைந்தும் பதினாறும் அடுத்தடுத்துப் பார் மூன்று. இதுவும் ஆகாத காரியம்தான். முன்பாதி 37, பின்பாதி 35, ஆகமொத்தம் 72 என்று கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது. நீளம் 6,500 யார்டு சொச்சம். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது சிறுபிள்ளை விளையாட்டுத் தூரம் என்று மேசையில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம்.

எட்டும் ஒன்பதும் மணற்குன்றுகளுக்குள் இருக்கின்றன. எட்டாவதில் பாதை வலப்பக்கம் மடங்குகிறது. குன்றின் தோளை எவ்வளவு வெட்டிக்கொண்டு அடிக்கிறோமோ அவ்வளவு மிச்சம், தப்பினால் மணலுக்குள் சமாதி. ஒன்பதாவது 290 யார்டுக்கு இரண்டொரு யார்டு முன்னே பின்னே இருக்கும். பார் நாலுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் கிரீன், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை, ஒடுக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நான் அதில் ஆறு எடுத்தேன். எங்கே பங்கர் என்ற வெட்டிவைத்த மணற்பள்ளம் முடிகிறது, எங்கே இயற்கையாகக் கிடந்த மணல் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பங்கர் விளிம்புகள் காற்றும் முயலும் பிய்த்துப் போட்ட மாதிரி கந்தலாக இருக்கின்றன. மெக்கன்ஸி படித்தது மருத்துவம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையோடு மருத்துவராகப் போனவர், எதிரிகள் நிலத்தோடு நிலமாக ஒளிந்துகொண்ட விதத்தைப் பார்த்து அசந்துபோய், பின்னால் முதல் உலகப்போரில் உருமறைப்பைக் கற்றுக்கொடுக்கிற வேலையும் செய்தார். மனிதன் தோண்டியது எது, நிலம் தானாக விட்டது எது என்று தெரியக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒன்பதாவது குழியில் என் பந்து கிடந்தது பங்கரா, வெறும் மணலா என்று பை சுமந்து யோசனை சொல்லும் கேடியிடம் நான் கேட்டபோது அவர் பதில் சொல்ல ஒரு கணம் யோசித்தார். செத்து தொண்ணூறு வருடமான மனிதருக்கு இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

பதின்மூன்றில் உப்புக்காற்று முகத்தில் அறைகிறது. பதினாலில் கிரீனுக்கு முன்னால் சைப்ரஸ் மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்து, கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்த மாதிரி ஒரு சந்து மட்டும் விடுகின்றன. இந்த மான்டரே சைப்ரஸ் மரம் உலகத்தில் தானாக முளைத்து வளர்வது இரண்டே இரண்டு இடங்களில். ஒன்று இங்கே, இன்னொன்று வளைகுடாவுக்குத் தெற்கே பாயிண்ட் லோபோஸ். காற்று ஒரே பக்கமிருந்து அடித்து அடித்து, எல்லா மரமும் எதையோ விட்டு ஓடுகிற தோரணையில் உறைந்திருக்கின்றன. பதினாலை முடித்துவிட்டு மறுபடி சாலையைக் கடந்து, மரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையில் நடந்தால், திடீரென்று மரம் விலகி, கீழே பாறை, நுரை, சத்தம். மூன்று மணி நேரம் இந்த மனிதர் கடலை நம்மிடமிருந்து ஒளித்தே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

பதினைந்து, சின்னது. 140 யார்டுக்குள். ஒரு சிறு கடல் இடுக்கைத் தாண்டி, பங்கர்களுக்கு நடுவே வைத்த கிரீன். ஒன்பதாம் எண் அயர்ன் என்ற கோலில் அடித்தேன், கிரீனில் விழுந்தது, இரண்டு பட், அதாவது இரண்டு உருட்டல், பார். அதுதான் வினை. அந்தப் பார் மட்டும் வந்திருக்காவிட்டால், அடுத்த குழியில் இழக்க என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

இரண்டு கையிலும் ஒவ்வொன்று

பதினாறாவது டீயை எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். படத்தில் கீழே இருக்கும் பள்ளம் தெரியாது. ஏறத்தாழ 220 யார்டு தள்ளி, கடலுக்குள் நீட்டிய பாறை மூக்கில் கிரீன். நடுவே தண்ணீர். தண்ணீர் என்றால் குளம் குட்டை இல்லை, பாறையில் மோதி எழும்பி நிற்கும் பசிஃபிக். கிரீனைச் சுற்றி ஐஸ் பிளான்ட் என்ற சதைப்பற்றுள்ள கொடி மெத்தை மாதிரி படர்ந்திருக்கிறது. அதுவும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியதுதான். என்னைப் போல. பந்து அதற்குள் போனால் வெட்டி எடுக்க மணிக்கட்டு வேண்டும். இடதுபக்கம் கரை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வளைவில் அகலமான ஃபேர்வே, வெட்டிவிட்ட புல்வெளி. 140 யார்டு அங்கே அடித்துவிட்டு, மிச்சத்தைக் குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் என்ற கோலில் முடிக்கலாம். இரண்டு வழி. நேர்வழியில் கடல், சுற்றுவழியில் புல்.

காற்று முகத்துக்கு நேரே. கேடி ஐம்பது வயதைத் தாண்டியவர், தோளில் இரண்டு பை. அதுவரை ஒவ்வொரு அடிக்கும் இத்தனை யார்டு, இன்ன கோல் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை. என் பையிலிருந்து டிரைவர் என்ற, அதிக தூரம் அடிக்கிற கோலை உருவி உறையைக் கழற்றி வலது கையில் பிடித்தார். ஏழாம் எண் அயர்னை இடது கையில் பிடித்தார். இரண்டையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் டிரைவர் நன்றாகப் பட்டால் 210 யார்டு பறக்கும். அந்தக் காற்றில் 190-க்கு மேல் சந்தேகம். பத்து முறை அடித்தால் ஒன்றிரண்டு முறை கரையேறலாம். இந்தக் கணக்கையெல்லாம் அங்கே போட்டேன் என்று சொன்னால் பொய். கணக்கு பின்னால் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது போட்டது. அந்த நேரத்தில் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: பதினைந்தில் பார், கார்டு இன்னும் நூறுக்குள் இருக்கிறது, கெடுத்துக்கொள்ளாதே. இடது கையிலிருந்ததை வாங்கினேன். கேடி டிரைவருக்கு உறையை மாட்டினார். அந்த உறை “சரக்” என்று ஏறிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் முகத்தில் எதுவும் இல்லை. அடித்தது நல்ல அடி. இரண்டாவது அடி கிரீனில் பதினைந்தடி தள்ளி நின்றது. இரண்டு பட். நாலு.

அடுத்து பெரியவர். எழுபத்தைந்துக்குப் பக்கத்து வயது. அவரால் அந்தக் கடலைத் தாண்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும், கேடிக்கும் தெரியும், கீழே பாறையில் குரைத்துக்கொண்டிருந்த கடற்சிங்கங்களுக்கும் தெரிந்திருக்கும். டிரைவரை எடுத்தார். அடித்தார். பந்து அழகாக எழும்பி, நடுவழியில் மனம் மாறி, கடலுக்குள் இறங்கியது. “முதல் பந்து எப்போதும் அதுக்குத்தான்” என்றார், காணிக்கை போட்டவர் மாதிரி. பிறகு என்னைப் போலவே அயர்னை எடுத்து இடதுபக்கம் அடித்தார்.

இந்தக் கட்டுரையே இதற்கு அடுத்து நடந்த ஒரு சின்னச் சம்பவத்துக்காகத்தான். டீயிலிருந்து இறங்கப்போன பெரியவர் நின்றார். பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து என்னிடம் தூக்கிப்போட்டார். “பின்னால் யாரும் இல்லை. உனக்காக ஒன்று அடித்துப் பார்” என்றார். திரும்பிப் பார்த்தேன். பதினைந்தாவது டீயில் யாரும் இல்லை. அதற்குப் பின்னால் பாதையிலும் யாரும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர்தான் ஆடுகிறார்கள் அங்கே. உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் நிற்க ஆசைப்படும் ஒரு டீ, காலியாக, எனக்காக, கையில் பந்தோடு. நான் சொன்னேன்: “பரவாயில்லை, நன்றி, நேரமாகிவிடும்.”

யாருக்கு நேரமாகிவிடும்? எனக்கு அன்று வேறு வேலையே இல்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். அவருக்கோ வீடு பத்து நிமிடம். விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் இன்னொரு கரண்டி போடவா என்று கேட்டால், பசி இருந்தாலும் “போதும் போதும்” என்று இலைமேல் கையை மறைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் அங்கே வந்து நின்றது. அவர் இன்னொரு தடவை வற்புறுத்தியிருந்தால் அடித்திருப்பேன். நம் வீடுகளில் வற்புறுத்துவார்கள். இவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். பந்து என் பைக்குள் போயிற்று.

மிஸ் ஹாலின்ஸ் அடித்த அடி

அந்தக் குழி அந்த இடத்தில் இருப்பதற்கே ஒரு பெண்மணி காரணம். மேரியன் ஹாலின்ஸ், 1921-இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன், இந்தக் கிளப்பை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர். முதலில் வடிவமைக்க வந்தவர் சேத் ரேனர். அவர் அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு, நல்ல இடம்தான், ஆனால் பார் மூன்றுக்கு இவ்வளவு தூரம் கடலைத் தாண்ட முடியாதே என்று வருத்தப்பட்டாராம். முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை என்றார் ஹாலின்ஸ். ஒரு பந்தை எடுத்து வைத்து அடித்தார். இன்றைக்குக் கிரீன் இருக்கிற இடத்தின் நடுவில் போய் விழுந்தது. ரேனர் 1926 தொடக்கத்தில் இறந்துபோக, வேலை மெக்கன்ஸியிடம் வந்தது. 1928-இல் மைதானம் திறந்தது. இந்தக் குழிக்கு நான் பொறுப்பில்லை, பெருமை பெரும்பாலும் மிஸ் ஹாலின்ஸுக்கே என்று மெக்கன்ஸியே எழுதி வைத்திருக்கிறார். மைதானம் வடிவமைக்கிறவர்கள் எழுதுகிற வாக்கியமா இது?

மரத்தண்டு கிளப், அந்தக் காலத்துப் பந்து, நீளப் பாவாடை. நான் டைட்டானியம் தலை வைத்த டிரைவரை உறைக்குள் போகவிட்டுவிட்டு நின்றேன். அந்த ஒரு அடியால்தான் அது பார் மூன்று ஆயிற்று. அதில் பாடகர் பிங் கிராஸ்பி 1947-இல் ஒரே அடியில் குழிக்குள் போட்டார். கிராஸ்பியின் பெயரில் நடந்த போட்டியிலேயே, 1959-இல், ஹான்ஸ் மெரில் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் அதே குழியில் 19 எடுத்தார். பாறைக்கும் கொடிக்கும் நடுவே நின்று வெட்டு வெட்டென்று வெட்டியிருப்பார் போல. ஒன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே என் நாலு எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

நண்பன் கேட்ட கேள்விக்கு நான் முதலில் தேடியது வக்காலத்து. அது மெக்கன்ஸியிடமே கிடைத்தது. நல்ல மைதானம் எப்படி இருக்கவேண்டும் என்று 1920-இல் அவர் 13 விதிகள் எழுதினார். அதில் ஒன்று, டீயிலிருந்து வீரதீரமாகத் தாண்டி அடிக்கிற இடங்கள் போதுமான அளவு இருக்கவேண்டும், ஆனால் பலவீனமான ஆட்டக்காரருக்கு ஒரு ஸ்ட்ரோக்கையோ (ஓர் அடியையோ) ஸ்ட்ரோக்கின் ஒரு பகுதியையோ இழந்து மாற்றுவழியில் போக எப்போதும் இடம் இருக்கவேண்டும் என்கிறது. வாசித்ததும் துள்ளிக் குதித்தேன். பார்த்தாயா, நான் போன வழி அவரே போட்டுக் கொடுத்த வழி! நண்பனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவன் “பலவீனமான ஆட்டக்காரருக்கு” என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினான்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு இடம். ஸ்ட்ரோக்கின் ஒரு பகுதி என்றால் என்ன? கார்டில் அரை ஸ்ட்ரோக் என்று எழுத முடியாது. சராசரியைச் சொல்கிறார் என்று புரிகிறது. நேர்வழியில் போகிறவன் பல ஆட்டங்களில் சராசரியாக 3.6 எடுக்கிறான், சுற்றுவழிக்காரன் 4.2 எடுக்கிறான் என்று வைத்துக்கொண்டால், அந்த மிச்சம்தான் பகுதி. ஆனால் என் கணக்கு அப்படி வரவில்லை. நான் நேரே அடித்தால் சராசரி ஆறோ ஏழோ. சுற்றிப் போனதில் எனக்கு லாபம்தான். கார்டின்படி நான் எதையும் இழக்கவேயில்லை. அப்படியானால் இரண்டு வருடமாக எது போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறேன்?

ஃப்ளோரிடாவில் சாகிராஸ் பதினேழாவது குழியில் ஆடியிருக்கிறேன். பீட் டை வடிவமைத்த அந்தத் தீவுக் கிரீன், 137 யார்டு, சுற்றிலும் குளம். பணம் கட்டினால் யாரும் ஆடலாம், எக்கச்சக்கப் பணம், அது வேறு. இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டேன். சிரித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், அன்றைக்கு இரவே மறந்துவிட்டது. ஏனென்றால் அங்கே வேறு வழி கிடையாது. எல்லோரும் அதையேதான் அடிக்கவேண்டும், விழுந்தால் விழுந்தது. சைப்ரஸ் பாயிண்டில் யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. கேடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேர்ந்தெடுத்தது நான். மெக்கன்ஸி இடதுபக்கம் அந்தப் புல்லை விட்டுவைக்காமல் இருந்திருந்தால், நான் மூன்று பந்தைக் கடலில் போட்டுவிட்டு, எட்டு என்று எழுதிவிட்டு, இன்றைக்கு இதை எழுதாமல் தூங்கப் போயிருப்பேன். பலவீனமானவனுக்கு இரக்கப்பட்டு விட்ட வழி என்றுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். எனக்கென்னவோ இரக்கத்தோடு கொஞ்சம் குறும்பும் கலந்திருக்கிறது என்றுதான் படுகிறது.

பதினேழு, பதினெட்டு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, என் மனம் அங்கே இல்லை. பதினேழில் மறுபடி கடல்விளிம்பைத் தாண்டி அடிக்கவேண்டும், ஃபேர்வேயின் நடுவே மரங்கள் கூட்டமாக நின்று வழிமறிக்கின்றன. மைதானத்திலேயே சிறந்த குழி அதுதான் என்று பெரியவர் சொன்னார். இருக்கலாம். பதினெட்டு மேட்டில் ஏறி மரங்களுக்குள் திக்குமுக்காடுகிறது. முதல் பதினேழு குழிகள் உலகத்திலேயே சிறந்தவை என்று கேலி பேசுவதற்கு அதுதான் காரணம். கடலுக்குள் இருக்கிற பாறையில் டீ வைத்து, தொங்குபாலம் கட்டி ஆட்களை அனுப்ப மெக்கன்ஸி ஆசைப்பட்டார் என்பார்கள். கட்டவில்லை. நல்லவேளை, இன்னொரு வருத்தத்துக்கு என்னிடம் இடமில்லை.

கயிற்றுக்கு இந்தப்பக்கம்

நண்பனுக்கு அந்த மைதானத்தின்மேல் எப்போதும் ஒரு கோபம் உண்டு. என்னைக் கூப்பிட்டபோது அவன் சந்தோஷப்பட்டான், ஆனால் தன்னை யாராவது கூப்பிட்டால் போகமாட்டேன் என்றான். காரணம் 1990. அலபாமாவில் ஷோல் கிரீக் கிளப்பில் கறுப்பினத்தவர் உறுப்பினராக முடியாது என்பது வெளியே வந்து ரகளையான பிறகு, போட்டி நடத்தும் கிளப்புகள் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று, தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் விதி போட்டது. சைப்ரஸ் பாயிண்ட், 1947 முதல் நடத்திவந்த போட்டியை விட்டுவிட்டு விலகிக்கொண்டது. யாரை எப்போது சேர்ப்பது என்று வெளியாள் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வாதம். “விதியைப் பார்த்துட்டு லே-அப் பண்ணிட்டாங்க” என்பான் நண்பன். அவன் சொன்னதில் ரொம்பக் கசப்பான ஜோக் அதுதான். நான் பதில் பேசுவதில்லை. முப்பது சொச்சம் வருடத்துக்குப் பிறகு அதே புல்லில் நான் விருந்தாளியாக நடந்தேன் என்பது அந்த வாதத்துக்குப் பதிலா, இல்லையா என்று எனக்குள்ளேயே இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

ஆனாலும் வாக்கர் கோப்பைக்கு டிக்கெட் போட்டபோது வந்தான். அமெச்சூர்கள் ஆடுவது, அமெரிக்கா ஒருபக்கம், பிரிட்டனும் அயர்லாந்தும் மறுபக்கம். 1981-க்குப் பிறகு அங்கே நடப்பது இப்போதுதான். அமெரிக்கா 17–9 என்று ஜெயித்தது, அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியது ஒரு குழிதான். காலையிலேயே போய்ப் பதினாறாவது டீக்குப் பக்கத்தில் இடம்பிடித்து நின்றோம். நண்பன் விளிம்பு வரை போய், கீழே எட்டிப்பார்த்து, கிரீனைப் பார்த்து, மறுபடி கீழே பார்த்தான். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

இருபது வயசு கூட இருக்காது, ஒரு பையன் வந்தான். பையைத் தொட்டான், கிளப்பை உருவினான், ஒரே ஒரு ஒத்திகை வீச்சு. பந்து உயரே போய், கடலைப் பொருட்படுத்தாமல், கிரீன் நடுவில் இறங்கியது. கைதட்டல். அவன் முகத்தில் கேடியின் முகத்தில் இருந்ததைப் போலவே எதுவும் இல்லை. அவனுக்கு இடதுபக்கம் ஒரு வழி இருப்பதே கண்ணில் பட்டிருக்காது என்று நினைக்கிறேன். எனக்குப் பொறாமை வரவில்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது. இந்தப் பையனுக்கு இது வெறும் நீளமான பார் மூன்று. மெக்கன்ஸி போட்ட முடிச்சு இவன் காலில் சிக்கவேயில்லை, என் காலில்தான் சிக்கியது.

“உன் பந்து எங்கடா விழுந்தது?” என்றான் நண்பன்.

கை நீட்டிக் காட்டினேன். கரை வளைகிற இடத்தில், புல் கொஞ்சம் மேடிட்டிருந்த இடம்.

பார்த்தான். “அன்னைக்குக் காத்து எப்படி?”

“மூஞ்சிக்கு நேரே.”

“நான் அடிச்சிருப்பேன்” என்றான். முன்பு மாதிரி சத்தமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு இன்னும் இரண்டு ஜோடி ஆடி முடித்துப் போகிற வரைக்கும் நின்றோம்.

பெரியவர் கொடுத்த பந்து அன்று என் சட்டைப்பையில் இருந்தது. ஏன் கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். இரண்டு வருடமாக மேசை இழுப்பறையில் பேனா ரீஃபில்களோடு உருண்டுகொண்டிருந்தது, கிளம்பும்போது கையில் வந்தது. எடுத்துக் காட்டினேன். அதன் கதையை அப்போதுதான் முதல் தடவையாக அவனிடம் சொன்னேன், அடிக்கச் சொல்லி அவர் தூக்கிப்போட்டதையும், நேரமாகிவிடும் என்று நான் சொன்னதையும். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

“குடு, இங்கேருந்து எறியறேன். கணக்குத் தீரட்டும்.”

இந்தக் கரையில் கடலுக்கடியில் கிடந்த கால்ஃப் பந்துகளை ஒரு பள்ளி மாணவி தோழர்களோடு மூழ்கி மூழ்கி எடுத்தாள், இரண்டு வருடத்தில் 50,000-க்கும் மேல் சேர்ந்தன. அதைப் படித்த நாளிலிருந்து என் லே-அப்பில் அந்த ஒரு நல்ல காரியமாவது நடந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“வேண்டாம்டா. கீழே சீல் இருக்கு.”

“அதுக்கு என்ன, அதுவா ஸ்கோர் எழுதப்போவுது?” என்றபடி கையை நீட்டிக்கொண்டே நின்றான். நான் பந்தைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். டீயில் அடுத்த ஜோடி வந்து நின்றது. யாரோ சத்தம் போடவேண்டாம் என்று பலகையைத் தூக்கிக் காட்டினார்கள்.